வீட்டுத் திரையரங்கு அறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே அறையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். நான்கு பக்கமும் சிமென்ட் பூசிய செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே விட்ரிஃபைட் டைல்ஸ். மாடியில் கூடுதலாக ஒரு அறை எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் கட்டுகிறார்கள். உங்கள் அறையின் அளவு வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்கிடும் முறை மாறாது.

முதலில் ஸ்பீக்கர் வாங்குவதா, அறையைச் சீர்செய்வதா?

அறையைத்தான் முதலில் சீர்செய்ய வேண்டும். ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலி, நாம் கேட்பதில் ஒரு பகுதி மட்டுமே. மீதி சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பி வருவது. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. அவர் அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்துவிட்டு, விடிவதற்குள் அவற்றைத் திருப்பி வைத்துவிடுவார். காலியான அந்த அரங்கில் ஒரு சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. மெத்தைகள் கூடக்கூட அந்த நேரம் குறைந்தது. அந்த அளவீடுகளிலிருந்து பிறந்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நேரம் கிடைக்கும். அளவுகள் மீட்டரில் இருக்க வேண்டும்.

நம் அறையின் கன அளவு சுமார் 54 கன மீட்டர். பூச்சுச் சுவரும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். ஆகவே காலி அறையில் அடங்கும் நேரம் மூன்று விநாடியைத் தாண்டும். படம் பார்க்கும் அறையில் அது 0.3 முதல் 0.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரை வைத்தாலும் இந்த இடைவெளியை அது நிரப்பாது.

அமெரிக்கர்கள் எழுதும் வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றலாமா?

பாதியைப் பின்பற்றலாம். அங்கே பெரும்பாலான வீடுகளின் உட்சுவர் மரச்சட்டத்தின் மேல் அறையப்பட்ட ஜிப்சம் போர்டு. பாஸ் எனப்படும் தாழ்ந்த சுருதி ஒலி மோதும்போது அந்தச் சுவர் சற்றே அதிர்ந்து, அந்த ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கி, மற்றொரு பகுதியை வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவர் அசைவதில்லை. அதனால் நமக்கு ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் ஒன்றாக வருகின்றன: ஒலி எளிதில் வெளியே போகாது, ஆனால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் பாஸ் நெடுநேரம் முழங்கும். ஆகவே அவர்கள் ஒலித்தடுப்புக்கு என்று பக்கம் பக்கமாக எழுதுவதில் பெரும்பகுதி நமக்குத் தேவையில்லை. பாஸ் பற்றி அவர்கள் இரண்டு வரியில் கடந்து போவதை நாம் இரண்டு மடங்கு கவனத்துடன் படிக்க வேண்டும்.

அறையின் நீள அகலம் எப்படி இருந்தால் நல்லது?

எதிரெதிர் சுவர்களுக்கு இடையிலான தூரம் ஒரு ஒலி அலையின் பாதி நீளத்துக்குச் சமமாகும்போது, அந்த ஒலி அங்கேயே நின்று ஊசலாடும்; இதையே நிலையலை என்கிறோம். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1130 அடி செல்லும். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், 16 அடிக்கு 35 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 10 அடிக்கு 56 என்று வருகிறது. இந்த மூன்று எண்களும் இவற்றின் மடங்குகளும் இந்த அறையின் சொந்தக் குரல் என்றே சொல்லலாம்; படத்தில் அந்தச் சுருதி வரும்போதெல்லாம் அறை தானும் சேர்ந்து பாடும்.

மூன்றும் தள்ளித் தள்ளி விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் வேதனை. 12க்கு 12 அறை, 10 அடி உயரத்தில் 20 அடி நீள அறை, எல்லாப் பக்கமும் 10 அடியாக இருக்கும் சதுரப் பெட்டி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இன்னும் வரைபட நிலையிலேயே இருப்பவர்கள் 1971இல் லௌடன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட 1 : 1.4 : 1.9 என்ற விகிதத்தை முயன்று பார்க்கலாம். 10 அடி உயரத்துக்கு அது 14க்கு 19 அடி. ஏற்கெனவே கட்டிய அறைக்காக இந்த விகிதத்தைத் தேடிச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. இருக்கையையும், பாஸுக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபரையும் இடம் மாற்றினாலே பெரும்பகுதி சரியாகும்.

மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டுத் திரையரங்கு அமைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஐப்பசி மழை ஒருமுறை அந்தத் தகரத்தில் விழும்போது உள்ளே நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சோஃபாவை எங்கே போடுவது?

பின்சுவரை ஒட்டிப் போடக் கூடாது. நம் வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் போடுகிறோம். எல்லா நிலையலைகளும் சுவரருகில் உச்சத்தில் இருப்பதால், அங்கே உட்கார்ந்தால் பாஸ் குமுறும். அறையின் சரிநடுவிலும் உட்காரக் கூடாது, ஏனெனில் நம் அறையில் 8 அடியில் 35 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போகும். முன்சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 சதவீதம் என்று ஒரு வழக்கு உண்டு. ஆனால் நம் அறையில் அது ஆறடிதான், பெரிய திரைக்கு மிக நெருக்கம். பின்சுவரிலிருந்து அதே ஆறடியை அளந்து, அதாவது திரைச்சுவரிலிருந்து 10 அடியில் காது இருக்கும்படி உட்கார்ந்தால் கணக்கும் ஒத்துவரும், படமும் நன்றாகத் தெரியும்.

சப்வூஃபர் ஒன்று போதுமா? அதை எங்கே வைப்பது?

சப்வூஃபரின் இடத்தை எவராலும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, ஒரே சீரான பாஸ் உள்ள இசையை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், அதைப் பொருட்படுத்தாதீர்கள். எந்த இடத்தில் பாஸ் குமுறாமலும் மெலியாமலும் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைத்தால், நீங்கள் உட்காரும் இடத்தில் அதே ஒலி கிடைக்கும். அறை மூலையில் வைத்தால் சத்தம் கூடும், ஆனால் அறையின் எல்லா நிலையலைகளும் ஒன்றாக எழும்பும்.

என்னைக் கேட்டால், ஒரு பெரிய சப்வூஃபருக்குப் பதில் நடுத்தர அளவில் இரண்டு வாங்குங்கள் என்பேன். ஒன்றை முன்சுவரின் நடுவிலும் மற்றொன்றைப் பின்சுவரின் நடுவிலும் வைத்தால், நீளவாக்கிலான 35 ஹெர்ட்ஸ் அலையை இரண்டும் எதிரெதிர்த் திசையில் தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டும் அகலத்தின் நடுக்கோட்டில் இருப்பதால் 47 ஹெர்ட்ஸ் அலை எழும்பவே வழியில்லை. இரண்டு பெரிய தொல்லைகள் ஒரு ரூபாய்ப் பஞ்சும் ஒட்டாமல் நீங்கிவிடுகின்றன. டாட் வெல்டி என்ற பொறியாளர் 2002இல் செவ்வக அறைகளை வைத்துச் செய்த ஆய்வும் இத்தகைய அமைப்பையே பரிந்துரைத்தது. இரண்டாவது சப்வூஃபர் சத்தத்தைக் கூட்டுவதற்காக அன்று, மூன்று பேர் உட்காரும் சோஃபாவில் மூவருக்கும் ஒரே பாஸ் கிடைப்பதற்காகத்தான்.

சுவர் முழுவதும் ஃபோம் ஒட்டினால் சரியாகிவிடுமா?

சரியாகாது, சில வேளைகளில் இன்னும் கெட்டுவிடும். ஓர் உறிஞ்சி தன் தடிமனின் நான்கு மடங்கு நீளமுள்ள அலை வரைதான் நன்றாக வேலை செய்யும். இரண்டு அங்குல ஃபோம் உயர்ந்த சுருதிகளை மட்டும் விழுங்கும். 40 ஹெர்ட்ஸ் அலையோ 28 அடி நீளம், அதன் கால் பங்கே 7 அடி. ஆகவே சுவர் முழுவதும் மெல்லிய ஃபோம் ஒட்டிய அறையில் கூர்மையான ஒலிகள் செத்துப்போய், குமுறல் மட்டும் அப்படியே இருக்கும். முட்டை அட்டையும் இதே கதைதான், கூடுதலாக எளிதில் தீப்பற்றும். மலிவான பாலியூரித்தேன் ஃபோமும் தீயில் நச்சுப்புகை கக்கும். ஒரே கதவும் மூடிய சன்னலும் உள்ள அறையில் இந்த அபாயத்தைச் சிறிதாக நினைக்கக் கூடாது.

நான் பரிந்துரைப்பது 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் (கல்லிழை) பலகை. கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி. அது எரியாது. தச்சரிடம் சட்டம் அடிக்கச் சொல்லி, உள்ளே பலகையை வைத்து, துணியால் மூடி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால், ஒட்டி மாட்டுவதைவிடத் தாழ்ந்த சுருதி வரை உறிஞ்சும். துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு எளிதில் மறுபக்கம் போனால் அது ஏற்ற துணி. ரெக்சின் போட்டு மூடினால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும்.

எத்தனை பலகை வேண்டும்? நம் அறை 0.4 விநாடிக்கு வர மொத்தம் 22 சதுர மீட்டர் அளவு உறிஞ்சுதல் தேவை. துணி சோஃபா, தரைவிரிப்பு, கனத்த திரைச்சீலை, மூன்று மனிதர்கள் ஆகியவை சேர்ந்து எட்டு முதல் பத்து வரை தந்துவிடும். மீதி 12 சதுர மீட்டருக்கு, ஒரு மீட்டர் நீளமும் 600 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பலகைகள் இருபது. சுவர், கூரை பரப்பில் அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான்.

இருபதையும் எங்கே மாட்டுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. நீங்கள் சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு, ஒருவரைக் கண்ணாடியைப் பக்கச்சுவரோடு நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் முன் ஸ்பீக்கர் தெரிகிறதோ, முதல் எதிரொலி அங்கிருந்துதான் வருகிறது; முதல் பலகைகள் அங்கே போகட்டும். கூரையிலும் அப்படியே. பிறகு பின்சுவர், பிறகு மூலைகள். மூலைகளில் தரை முதல் கூரை வரை தடிமனாக அடுக்கினால் 80, 100 ஹெர்ட்ஸ் வரை பயன் தெரியும். அதற்குக் கீழே சப்வூஃபரின் இடமும் இருக்கையின் இடமும்தான் மருந்து. வேலை நடக்கும்போதே அவ்வப்போது கை தட்டிப் பாருங்கள். தட்டியபின் நடுங்கும் சிறு ஒலி எழுந்தால், எங்கோ இரண்டு வெற்றுச் சுவர்கள் இன்னும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

வசனம் தெளிவாகக் கேட்பதில்லை. சண்டைக் காட்சி வந்தால் காது கிழிகிறது. ஏன்?

எனக்கு வரும் முறையீடுகளில் இதுவே முதலிடம். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, மேலே சொன்ன முழக்கம்: ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடிவிடுகிறது. மெய்யெழுத்துகள் மெலிந்த ஒலிகள். ‘கடை’ என்றாரா ‘தடை’ என்றாரா என்பதை அவைதான் சொல்ல வேண்டும், முதலில் மறைவதும் அவையே.

இரண்டாவது, நடு ஸ்பீக்கர். படத்தின் வசனம் ஏறக்குறைய முழுவதும் அதிலிருந்தே வருகிறது. நாமோ அதை டிவி அலமாரியின் அடித்தட்டில், உள்ளே தள்ளி, முழங்காலுக்கு நேராக வைத்திருப்போம். அலமாரி ஒரு பெட்டியாகி ஒலியைக் குடைகிறது. ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்பு வரை வெளியே வரட்டும்; முன்பக்க அடியில் ரப்பர் ஆப்பு வைத்துக் காதை நோக்கி நிமிர்த்துங்கள்; ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டுங்கள். திரைக்குப் பின்னாலேயே வைக்க முடிந்தால், அதாவது ஒலி ஊடுருவும் நெய்த திரை போட்டால், நடிகரின் வாயிலிருந்தே குரல் வருவது போல் இருக்கும்.

மூன்றாவது, அமைப்பில் உள்ள பிழை. ஸ்ட்ரீமிங் பெட்டியோ டிவியோ ஸ்டீரியோ மட்டும் அனுப்பும்படி அமைந்திருந்தால் நடு ஸ்பீக்கருக்கென்று தனி ஒலி போய்ச் சேராது. இரவில் பார்ப்பவர்கள் ரிசீவரில் உள்ள இரவுநேர அமைப்பை இயக்கினால், உரத்த ஒலி தணிந்து மெல்லிய ஒலி உயரும். அதில் கலைக்குற்றம் ஏதுமில்லை.

5.1 போதுமா, அட்மாஸ் வேண்டுமா?

5.1 என்பது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்; அட்மாஸ் அதோடு தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைப்பது. சரியாக வைத்த 5.1, தவறாக வைத்த அட்மாஸைவிட எப்போதும் மேல். 5.1இல் முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகை விலகியும், பக்க ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால், இருக்க வேண்டும். முன் ஸ்பீக்கர்களில் உயர்ந்த சுருதியை ஒலிக்கும் ட்வீட்டர், உட்கார்ந்தவர் காது உயரத்தில், தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் வரட்டும். ‘.1’ என்பது சப்வூஃபருக்கான தனித்தடம். மற்ற ஸ்பீக்கர்களின் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியையும் ரிசீவரில் அதற்கே திருப்பிவிடுவது பொதுவான வழக்கம்.

டால்பி அட்மாஸ் 2012இல் திரையரங்குகளுக்கும் 2014இல் வீடுகளுக்கும் வந்தது. அதற்குத் தலைக்கு மேலே இரண்டு அல்லது நான்கு ஸ்பீக்கர் வேண்டும். நம் அறைக்கு 5.1.4 நன்றாகப் பொருந்தும்; கடைசி எண் மேல் ஸ்பீக்கர்களைக் குறிக்கும். சோஃபாவுக்குப் பின்னால் ஆறடி இருப்பதால் 7.1.4கூட இயலும். கான்கிரீட் தளத்தைக் குடைய முடியாது என்பதால், ஃபால்ஸ் சீலிங் போடும்போதே மேல் ஸ்பீக்கர்களின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். ஃபால்ஸ் சீலிங் தகடு அதிராமல் இருக்க அதன் மேல் ராக்வூல் பரப்பலாம். இப்போது பணம் இல்லையென்றாலும் ஒயரை மட்டும் இழுத்து வைத்துவிடுங்கள்.

எத்தனை வாட் வேண்டும்?

பெட்டியில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச வாட்) என்று அச்சிட்டிருந்த காலத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த எண்ணுக்கு அன்றும் பொருளில்லை. ஸ்பீக்கரின் உணர்திறனைப் பாருங்கள். 88 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம். மூன்று மீட்டரில் உட்கார்ந்தால் சுமார் ஒன்பதரை குறையும்; 100 வாட் கொடுத்தால் 20 கூடும்; ஆக 98.5. வாட்டை இரட்டிப்பாக்கினால் மூன்று டெசிபல்தான் கூடும் என்பதால், 100 வாட் ரிசீவரை விட்டு 130 வாட் ரிசீவருக்குப் பணம் கொட்டுவது வீண். ஐந்து டெசிபல் கூடுதல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர், வாட்டை மூன்று மடங்காக்கியதற்குச் சமம்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் செய்ய முடியுமா?

ராக்வூலும் ஃபோமும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, ஒலியை வெளியே போகவிடாமல் தடுக்காது. இரண்டும் வெவ்வேறு வேலை. தடுப்பது எடையும் காற்றுப் புகாத அடைப்பும்தான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் கனக்கும், 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு ஒன்பது கிலோ. அத்தகைய சுவரின் மேல் இந்தப் போர்டை ஒட்டி ‘சவுண்ட் புரூஃப்’ என்று பணம் வாங்குபவரிடம் இந்த இரண்டு எண்களைச் சொல்லிப் பாருங்கள்.

ஓட்டை கதவிலும் சன்னலிலும்தான் இருக்கிறது. ஒரு சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. உள்ளே வெற்றிடமில்லாத கனமான கதவு, நான்கு பக்கமும் ரப்பர் பட்டை, கதவுக்கு அடியில் மூடும்போது இறங்கும் அடைப்பு ஆகியவை முதல் செலவாகட்டும். தேவையில்லாத சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள். தேவையென்றால் நான்கு அங்குலம் தள்ளி இரண்டாவது கண்ணாடிக் கதவு போடுங்கள். ஏ.சி. குழாய் போகும் துளையைச் சுற்றியுள்ள இடைவெளியை எவரும் கவனிப்பதில்லை.

அடுக்குமாடியில் பாஸ், தளத்தின் வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கும். சப்வூஃபரின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஓரளவு உதவும். முழுத் தீர்வு அன்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் வரம்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

திரை எவ்வளவு பெரிது?

பார்வையில் 30 முதல் 40 பாகையை நிரப்பும் திரை வசதியானது. 100 அங்குலத் திரைக்கு அது 10 முதல் 13 அடித் தூரம். 120க்கு 12 முதல் 16. நம் அறையின் 10 அடி இருக்கைக்கு 100 அங்குலம் போதும்.

ஒயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

பூச்சு வேலைக்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் வரைபடம் கொடுத்துவிடுங்கள். ஸ்பீக்கருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி எல்லா இடத்துக்கும் போதும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைத் தவிருங்கள். புரொஜக்டருக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ கேபிளை மட்டும் சுவரில் புதைக்காதீர்கள். ஹெச்டிஎம்ஐ தரநிலை மாறும்போது கேபிளும் மாறும். இரண்டு அங்குலக் குழாய் பதித்து, வளைவுகளை அகலமாக வைத்து, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள். ஐந்து மீட்டரைத் தாண்டினால் ஒளியிழைக் கேபிள் நல்லது. அதற்குத் திசை உண்டு, தலைகீழாக இழுத்துவிட்டால் மீண்டும் உருவ வேண்டும்.

ரிசீவர், சப்வூஃபர், புரொஜக்டர் அனைத்துக்கும் ஒரே எர்த் இருக்கட்டும். சப்வூஃபரில் ‘ம்ம்’ என்ற ரீங்காரம் கேட்டால் முதலில் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். எர்த் முனையை வெட்டி ரீங்காரத்தை நிறுத்தும் கைவைத்தியத்தை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

ஏ.சி., மின்விசிறி?

மின்விசிறி வேண்டாம்; அதன் இறக்கைகள் மேலிருந்து வரும் ஒலியையும் புரொஜக்டர் ஒளியையும் வெட்டும். ஏ.சி.யைத் தலைக்கு நேரே வைக்காமல் பக்கச்சுவரில் வைத்து, படம் தொடங்கும் அரை மணி முன்பே அறையைக் குளிர்வித்து, பிறகு மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். இத்தனை அடைத்த அறையில் காற்று மாறாது என்பதால், உள்ளே ராக்வூல் ஒட்டிய வளைவான குழாயுடன் ஒரு சிறு காற்றுப்போக்கி வைப்பது நல்லது.

கரையானும் ஈரமும்?

மரச்சட்டமும் துணியும் சேர்ந்தால் கரையானுக்கு விருந்து. சட்டம் அடிக்கும் முன் மருந்து அடியுங்கள். ஈரம் ஊறும் சுவரில் பலகை மாட்டாதீர்கள், பின்னால் பூஞ்சை பிடித்தால் தெரியவே தெரியாது. கடலோர ஊர்களில் ஸ்பீக்கர் வாங்கும்போது கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா என்று பாருங்கள்; ஃபோம் வளையம் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும்.

ரிசீவரில் உள்ள தானியங்கிச் சீரமைப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாதா?

ஆடிஸி, டிராக் போன்றவை தூரத்தையும் ஒலி அளவையும் நன்றாகவே சரிசெய்யும். உயர்ந்து நிற்கும் பாஸ் முகட்டை வெட்டும். ஆனால் ஒரு சுருதி அறையில் அழிந்துபோகும் இடத்தில் எவ்வளவு ஆற்றலை ஊட்டினாலும் அது நிரம்பாது, முழக்கமும் குறையாது. ஆகவே இது கடைசி வேலை, முதல் வேலை அன்று. அளவெடுக்கும்போது மைக்கைக் கையில் பிடிக்காமல் முக்காலியில் காது உயரத்தில் வைத்து, ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள். ஆர்வமுள்ளவர்கள் ரூம் இக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளையும் ஒரு யுஎஸ்பி அளவீட்டு மைக்கையும் வைத்துத் தாங்களே வரைபடம் எடுத்துப் பார்க்கலாம்.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

ஆணி அடிக்காமலே பாதி வேலை முடியும். சோஃபாவைச் சுவரிலிருந்து இழுங்கள், தடித்த தரைவிரிப்பு போடுங்கள், புத்தக அலமாரியைப் பின்சுவரில் வையுங்கள், ராக்வூல் சட்டங்களைக் கால் வைத்து நிற்கும்படி செய்யுங்கள். அவற்றைச் செய்வதற்கு முன் வீட்டில் உள்ள இலவம்பஞ்சு மெத்தைகளை ஓரிரவுக்கு முதல் எதிரொலி வரும் இடங்களில் சாய்த்து வைத்து, பழகிய ஒரு படத்தின் வசனக் காட்சியைக் கேட்டுப் பாருங்கள். சபைன் செய்ததும் அதுவே. இலவம்பஞ்சு சட்டென்று தீப்பற்றக்கூடியது என்பதால், காலையில் அவற்றைக் கட்டிலுக்கே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.